மைனஸ் இல்லாத பெட்டி

எங்கள் வீட்டில் சத்தம் போடும் பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில், பதில் நாக்கு நுனியில் என்று அண்ணன் சொல்வான். எட்டு வயதில் எனக்கு 'சைரன்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். இருபத்திரண்டு வருடமாக ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என் வகுப்பில் தூங்கிய பிள்ளை கிடையாது. பக்கத்து வகுப்பிலும் கிடையாது.

அண்ணி எனக்கு நேர் எதிர். பதினோரு வருடத்துக்கு முன்னால் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் மாடி வீட்டுக்கு வந்தார். முறையில் எனக்குப் பெரியவர், வயதில் ஐந்து வருடம் சின்னவர். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் வாரம் இருவருமே திண்டாடினோம். கடைசியில் இரண்டு பக்கமும் 'நீங்க' என்று சமாதானமாகிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆள் பார்த்து ஒரு காரணம் சொல்வேன். ஆக மூன்று அறை, மூன்று பேர், ஒரு குளியலறை. இதில் பதினோரு வருடம் சண்டை வரவில்லை என்றால் அதற்கு நான் காரணமாக இருக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

அண்ணி எடைக்கருவி சர்வீஸ் செய்பவர். பேக்கரி, மருந்துக் கடை, கூரியர் அலுவலகம், பிறந்த குழந்தையை நிறுத்துப் பார்க்கும் மருத்துவமனை என்று எங்கே மின்னணுத் தராசு பொய் சொன்னாலும் அண்ணிக்குப் போன் வரும். பையில் மீட்டர், கம்பிகளை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்ன், சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், அப்புறம் ஒரு மரப்பெட்டியில் பளபளவென்று எடைக்கற்கள். அந்தக் கற்களைக் கையால் தொடமாட்டார். துணியால்தான் எடுப்பார். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசைகூட எடைதானாம்.

கல்லைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எண் ஆடும், குதிக்கும், பிறகு நிற்கும். நின்ற பிறகுதான் நோட்டில் எழுதுவார். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட எண் நிற்கட்டும் என்பது போலக் காத்திருந்துதான் பதில் வரும். அதற்குள் நான் இரண்டு முறை கேட்டு, ஒரு முறை கோபித்து, நானே உப்பைப் போட்டுவிட்டிருப்பேன்.

ஒருமுறை ஒரு கூரியர்க் கடைக்காரர், "எட்டு கிராம்தானே மேடம், யார் பார்க்கப் போறாங்க, சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றாராம். அண்ணி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாராம். ஒரு மணி நேரம். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் அண்ணியைப் பார்ப்பதும் தராசைப் பார்ப்பதுமாக இருக்க, கடைக்காரர் தாங்க முடியாமல் தானே தராசைத் தூக்கி அண்ணியின் மடியில் வைத்தாராம். கத்தாமல் காரியம் சாதிக்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்பத்தான் முடியவில்லை.

போன வருடக் கடைசியில் என் குரல் போனது. முதலில் கரகரப்பு, பிறகு கீச்சு, பிறகு வெறும் காற்று. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். கத்தக் கூடாது, மெதுவாகப் பேசலாம், சனி ஞாயிறு வாயே திறக்கக் கூடாது. மீறினால் இருக்கிற குரலும் போய்விடும். "எனக்கு வாரத்துல ரெண்டு நாள் லீவு கிடைச்சுது" என்றான் அண்ணன். திட்டக்கூட முடியாமல் ஒரு நோட்டை எடுத்து அதில் எழுதித் திட்டினேன். எழுத்தில் திட்டினால் பாதி காரம் போய்விடுகிறது.

பள்ளியில்தான் பெரிய இடி விழுந்தது. தலைமையாசிரியை நல்லவர், என்மேல் பிரியமுள்ளவர். ஆனால் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கேட்காத டீச்சரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "பதிவேட்டு அறையில ஒரு ஆள் தேவைப்படுது. சம்பளம் அப்படியே இருக்கும். நீங்க அங்க போயிடுங்களேன்" என்றார். பதிவேட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. அதைவிட முக்கியம், அங்கே பிள்ளைகள் கிடையாது. ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சத்தமில்லாமல் அழுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

கடையில் டீச்சர்களுக்கென்றே விற்கிற ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அது ஊளையிட்டது. நான்காம் நாள் அதை மேசைமேல் சற்று வேகமாக வைத்தேன். சற்று என்று நான் சொல்கிறேன். அண்ணி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்பீக்கரும் மைக்கும் பொழைச்சிருக்கு. மத்ததெல்லாம் போயிடுச்சு" என்றார். எண் நிற்பதற்குக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, "நான் ஒண்ணு செஞ்சு தரட்டுங்களா?" என்று கேட்டார்.

செய்தார். மைக்கில் வரும் துளியூண்டு மின்சாரத்தைப் பெரிதாக்க ஆப்-ஆம்ப் என்று ஒரு சிப். எட்டுக் காலுள்ள கறுப்புப் பூச்சி மாதிரி இருந்தது. அதன் பின்னால் ஸ்பீக்கரைத் தள்ளும் இரண்டு டிரான்சிஸ்டர்கள். இந்தப் பூச்சிக்கு ஒரு பிளஸ் மின்சாரம் போதாதாம், ஒரு மைனஸும் வேண்டுமாம். அதனால் பெட்டியில் பிளஸுக்கு நான்கு பேட்டரி, மைனஸுக்கு நான்கு பேட்டரி. இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு நடந்தால் ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் குரல்! என் பழைய குரலின் தங்கை மாதிரி ஒன்று கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

பன்னிரண்டாம் நாள், பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, என் குரல் கிழிந்தது. துணி கிழிவது போல ஒரு சத்தம். நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். செய்தி தலைமையாசிரியையின் அறைக்கு என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. "திங்கட்கிழமை இரண்டாவது பீரியட் நான் கடைசி பெஞ்சில் வந்து உட்காருறேன். எனக்குக் கேட்டா வகுப்பு உங்களுக்கு. கேக்கலேன்னா செவ்வாய்க்கிழமையில இருந்து பதிவேட்டு அறை. சரிதானே?" என்றார். சரியில்லை என்று சொல்ல எனக்கு ஏது வாய்?

அண்ணி பெட்டியைத் திறந்து அளந்து பார்த்தார். மைக்குக்கும் சின்ன பச்சை விளக்குக்கும் பிளஸ் பக்கத்தில் இருந்து மட்டும் மின்சாரம் எடுத்திருந்ததால் அந்தப் பக்கத்து நான்கு பேட்டரியும் முன்னாலேயே தீர்ந்துவிட்டன. மைனஸ் பக்கம் தெம்பாக இருந்தது.

"மைனஸையே எடுத்துடலாம்" என்றார் அண்ணி. "ஒரே செட்டு பேட்டரி. ஆறு போதும். ஒரு பக்கம் முன்னாடி தீர்றதுங்கிற பேச்சே இருக்காது."

மைனஸ் இல்லாமல் பூச்சி எப்படி வேலை செய்யும் என்று நோட்டில் எழுதிக் கேட்டேன். அண்ணி வழக்கம் போலக் காத்திருந்துவிட்டுச் சொன்னார். "குரல் மேலயும் கீழயும் ஆடும் இல்லீங்களா? ஏணியில அடிப்படியில நின்னுக்கிட்டா ஏறத்தான் முடியும், இறங்க இடமில்ல. அப்ப கீழ்ப்பாதி அறுந்து போயிடும். அதுக்காகத் தரையைத் தோண்டணுமா என்ன? நடுப்படியில போய் நின்னுக்கிட்டா ரெண்டு பக்கமும் இடம் கிடைக்குது. ஆறு பேட்டரிக்கு ஒன்பது வோல்ட். நாலரையில நிக்க வச்சிட்டா முடிஞ்சுது. ஒரே அளவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டா அந்த நாலரை கிடைச்சிடும். தராசுக்குள்ள எப்பவும் இப்படித்தாங்க இருக்கும்."

பதினோரு வருடத்தில் அண்ணி சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வாய் திறக்கக் கூடாது என்றதும்தான் எனக்குக் காது இருப்பதே தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி தயார். முன்னைவிடக் கனம் குறைவு. அண்ணி நடுப்படியில் மீட்டரை வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான்கு புள்ளி ஐந்து. நின்றது. மைக்கை எடுத்துத் தன் குரலில், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். கண்ணாடி மாதிரி வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டையைக் கட்டி, மைக்கை வாய்க்கு நேராக வைத்து, சுவிட்சைப் போட்டு, அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். தொண்டையில் ஏதோ உறுத்தியது. இருமினேன். பெட்டி 'டப டப டப டப' என்று மோட்டார் படகு மாதிரி சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. நிறுத்திப் போட்டால் சரியாக இருந்தது. அடுத்த இருமலுக்கு மறுபடி டப டப.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அளந்தார். நான்கு புள்ளி ஐந்து. ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். கண்ணாடி. என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை இருமுங்க" என்றார். வேண்டும் என்கிறபோது இருமல் வரவேயில்லை. தட்டைத் தட்டினார். டங் என்று வந்து போய்விட்டது. டிவியின் பக்கத்தில் வைத்தார். அந்த மைக் வாய்க்கு அருகில் வரும் சத்தத்தை மட்டும்தான் மதிக்கும். டிவியை அது கண்டுகொள்ளவேயில்லை. அண்ணன் பஸ் டிரைவர். அன்றைக்கு வண்டியில் இருந்தான், மறுநாள் காலையில்தான் வருவான்.

"கத்தினாதான் வருது. நான் மெதுவாப் பேசிப் பார்த்துட்டு விட்டுட்டேன்" என்றார் அண்ணி. "யாராவது கத்தணுமே."

வீட்டில் கத்தத் தெரிந்த ஒரே ஆளுக்கு டாக்டர் பூட்டுப் போட்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அண்ணி பையில் இருந்து ஒரு பழைய முள் மீட்டரை எடுத்து நடுப்படியில் மாட்டினார். எண் மீட்டர் நின்ற பிறகுதான் சொல்லும், முள் ஆடும்போதே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். மைக்கைப் பிடித்து, "ஒண்ணு!" என்றார். பால்காரரைக் கூப்பிடுகிற அளவுகூட இல்லை. முள் அசையவில்லை. நான் கையால் 'இன்னும், இன்னும்' என்றேன். "ரெண்டு!" முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"காரணமே இல்லாம எப்படிங்க கத்துறது?" என்றார் பாவமாக.

நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். 'என்னைத் திட்டுங்க.'

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எண் நிற்கக் காத்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

"பாத்ரூம் லைட்டை ஒரு நாளாவது அணைச்சிருக்கீங்களா?" கொஞ்சம் பலமாகத்தான் வந்தது. முள் லேசாக அதிர்ந்தது. "வருது, வருது" என்று கண்ணை முள்ளைவிட்டு எடுக்காமல் தொடர்ந்தார். "என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெயின்ட் டப்பா திறந்தீங்க! எங்க அம்மா வந்திருந்தப்ப, போதும் போதும்னு அவங்க சொல்லியும் விடாம நீங்களே பேசிக்கிட்டிருந்தீங்க! ரெண்டு மணி நேரம்!" டப டப என்றது பெட்டி. "கல்யாணமான புதுசுல, நான் வேலையில சேர்ந்த அன்னிக்கு ஹால்ல நின்னுக்கிட்டு என்ன சொன்னீங்க? தராசு தூக்குறதுக்கு ஒரு படிப்பா, அதுக்கு ஒரு பையான்னு சொன்னீங்க! சிரிச்சீங்க! கீழ்வீட்டுக்காரங்க படியேறி வந்து என்ன விசேஷம்னு கேட்டாங்க! தெருவுக்கே கேட்டுச்சு! எனக்கு மறுநாள் அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு படி இறங்கக் கால் வரலீங்க!"

முள் பைத்தியம் பிடித்த மாதிரி இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. கத்தும்போதுகூட 'நீங்க' போகவில்லை.

நான் அதைச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. சொன்ன எனக்கு ஒரு சிரிப்பு, கேட்ட அவருக்குப் பதினோரு வருடம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அண்ணி வேகமாகக் கை நீட்டித் தடுத்தார். "பேசாதீங்க! முடிச்சு!"

நோட்டில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அண்ணி படித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சாலிடரிங் அயர்னைப் பிளக்கில் மாட்டிக்கொண்டே, "இருங்க, இப்ப சாலிடர் வைக்கணும். கை ஆடும். அப்புறமா அழுதுக்கலாம்" என்றார்.

தவறு தன்னுடையதுதான் என்று வேலை செய்துகொண்டே சொன்னார். "தராசுல எல்லாமே கொஞ்ச நேரத்துல நின்னுடும். அது நிக்கிற வரைக்கும் காத்திருந்தே எனக்குப் பழகிடுச்சு. குரல் எப்பங்க நிக்கும்? மெதுவாப் பேசினா அந்த ரெண்டு ரெசிஸ்டரும் நாலரையைத் தாங்கிக்குது. கத்தினா ஸ்பீக்கர் அத்தனை கரண்ட்டையும் அது தலைமேல இறக்குது. நடுப்படியே மேலயும் கீழயும் ஆடுது. படி ஆடினா மேல நிக்கிற மைக்கும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டம் திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும். அதுதான் டப டப."

அந்தச் சிப்புக்குள் ஆப்-ஆம்ப் ஒன்றல்ல, இரண்டு உண்டாம். ஒன்று மைக்கைப் பார்த்துக்கொள்ள, மற்றது இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்து நடுப்படியைத் தாங்கும் வேலையில் போட்டார். நாலரையை அது பார்த்து, நாலரையைவிட்டு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கரின் கம்பியை நடுப்படியில் இருந்து கழற்றி, குட்டி டப்பா மாதிரி ஒரு பெரிய கெப்பாசிட்டர் வழியாக பேட்டரியின் அடிமுனைக்கே இறக்கிவிட்டார். ஒன்றரை மணி நேர வேலை. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை பேசாமல்.

"இப்ப அதே எடையை வச்சுப் பார்க்கணும்" என்று மைக்கை எடுத்தார். முன்னால் கத்தியதையே மறுபடி கத்தினால்தான் சோதனை சரியாக இருக்குமாம். "தராசு தூக்குறதுக்கு ஒரு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் சிரித்துவிட்டார். மறுபடி முயன்றார். மறுபடி சிரிப்பு. நான் பெயின்ட் டப்பாவை ஞாபகப்படுத்தி எழுதிக் காட்டினேன். பாத்ரூம் லைட்டைப் போட்டுவிட்டு வந்து நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

"வரமாட்டேங்குது. கல்லு எடை குறைஞ்சிடுச்சு" என்றார் அண்ணி. முள் அசையவில்லைதான். ஆனால் கத்தாத குரலுக்கு முள் அசையாததை அண்ணி எந்த நோட்டிலும் எழுதமாட்டார்.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியட். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களுக்கு நடுவில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார். நான் பெட்டியைப் போட்டேன். பின்னங்களை விட்ட இடத்தில் இருந்து தொடங்கினேன். குரல் போனது. கண்ணாடி மாதிரி, கடைசிச் சுவர் வரைக்கும். ஆனால் அது மெதுவான குரல். மெதுவான குரலுக்கு அது சனிக்கிழமையே பாஸாகிவிட்டது.

இருபதாவது நிமிடம் மழை வந்தது. தகரக் கூரைமேல் சடசடவென்று கொட்டியது. பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தலைமையாசிரியை காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லை. பெட்டியின் வால்யூம் திருகை முழுவதும் திருப்பி, டாக்டரை மனதுக்குள் மன்னிக்கச் சொல்லிவிட்டு, "ஏழில் மூன்றும் ஏழில் இரண்டும் சேர்ந்தால் என்ன?" என்று நீளமாக, முடிந்த அளவு பலமாகக் கேட்டேன்.

டப டப வரவில்லை. கேள்விதான் போனது, மழையைத் தாண்டி. நாற்பத்திரண்டு பேரும் "ஏழில் அஞ்சு!" என்று கத்தினார்கள். தலைமையாசிரியை காதில் இருந்து கையை எடுத்துவிட்டு, நோட்டில் ஏதோ எழுதி மூடினார். எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, "வகுப்பு உங்களுக்குத்தான்" என்றார். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், இந்தப் பெட்டி எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டாள்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். வராந்தாவில் சாரலில் பாதி நனைந்தபடி அண்ணி நின்றுகொண்டிருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், சொல்லாமல். தோளில் அந்தப் பை. சாலிடரிங் அயர்னும் உதிரி பேட்டரியும் அதற்குள் இருந்திருக்கும். பார்வை என்மேல் இல்லை, ஸ்பீக்கர்மேல் இருந்தது.

வால்யூமை நான் குறைக்கவில்லை. "கடையில வாங்கலம்மா. எங்க அண்ணி செஞ்சது. அதோ நிக்கிறாங்க பார். அவங்க தராசுக்கு சர்வீஸ் பண்ற இன்ஜினியர். அந்தப் பை அவங்க வேலைப் பை. அவங்க வேலையைப் பத்தி நான் ஒரு காலத்துல தப்பாப் பேசியிருக்கேன், தெருவுக்கே கேக்குற மாதிரி. தப்பு என்னுது" என்றேன். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. பெட்டி அந்த உடைசலையும் கிழிக்காமல், குறைக்காமல், பெரிதாக்கிப் பக்கத்து வகுப்புவரை கொண்டு போனது. நாற்பத்திரண்டு தலையும் வாசலைப் பார்த்துத் திரும்பின. யாரோ ஒருவன் கை தட்டினான். பிறகு எல்லோரும்.

மணி அடித்ததும் வராந்தாவுக்கு ஓடினேன். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், சாரல் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"இன்ஜினியர்னு சொல்லிட்டீங்க. நான் டிப்ளமோதாங்க" என்றார்.

"உள்ள போய் மாத்திச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று கிசுகிசுத்தேன்.

அண்ணி வழக்கம் போலக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"வேண்டாங்க. இருக்கட்டும்" என்றார்.